பொதுவொலியில் சேராத நெஞ்சு

காலை ஏழு மணிக்குப் பரமார்த்தலிங்கத்தின் காதுக்குள் அவனுடைய குடலைப் பற்றிய செய்தி தொடங்கியது.

“வணக்கம். உடற்செய்திகள். பெருங்குடலின் இடப்பக்கம் லேசான உருட்டல், வழக்கம். வலது முழங்காலில் உரசல், வழக்கம். நுரையீரலின் அடியில் மெல்லிய சீழ்க்கை, வழக்கம். இதயம்…”

இந்த இடத்தில் செய்தி சற்று நிற்கும். செந்தரை நகரத்தில் அத்தனை பேரும் கையில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு, எச்சில்கூட விழுங்காமல் காத்திருப்பார்கள். பல் துலக்குகிறவர் வாயில் நுரையோடு நிற்பார். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தம்பதிகள் சண்டையை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பார்கள்.

“இதயம், வழக்கம்.”

அப்பாடா என்று ஊரே மூச்சு விடும். செவ்வாய்க் கிரகத்தில் காற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் இந்த ஏழு மணிப் பெருமூச்சுக்காகவே ஊரின் காற்றுக்கூடத்தில் ஒரு விசிறி கூடுதலாக ஓடியது. அதை ஓடவிடும் பொறுப்பு பரமார்த்தலிங்கத்துடையது. அந்தக் கூடத்துக்கு அவன்தான் மேற்பார்வையாளன்.

செந்தரைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். அவர்கள் நிலைமை அப்படி. முதல் கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் தாமிரபரணிக் கரைக்காரர்கள். உடம்பை ஊடுருவிப் பார்க்கும் பெரிய பெரிய கருவிகளோடுதான் வந்து இறங்கினார்கள். செவ்வாயின் தூசி புகுந்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. உடம்புக்குள் பார்க்க வேண்டுமென்றால் மின்சாரம் வேண்டும். கேட்பதற்கு அவ்வளவு வேண்டாம். உடம்பு தானாகவே பேசிக்கொண்டுதானே இருக்கிறது. ஆகவே விலா எலும்புக்கு அடியில் அரிசி அளவில் ஒரு கருவியைப் புதைத்தார்கள். அதற்கு நெஞ்சுக்காது என்று பெயர். கேட்டதையெல்லாம் அது ஊர்ப்பொறி என்ற பொதுக் கணினிக்கு அனுப்பும். காதுமடலுக்குப் பின்னால் கழற்றி மாட்டும்படி இன்னொன்று, காதுமணி. ஊர்ப்பொறி சொல்லும் தீர்ப்பை அது காதில் ஓதும்.

ஊர்ப்பொறி எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்? ஊரில் உள்ள எல்லா இதயங்களையும் கேட்டு, கூட்டி வகுத்து, ஒரு சராசரி இதயத்தை அது தனக்குள் வைத்திருந்தது. அதன் சத்தம்தான் பொதுவொலி. உங்கள் சத்தம் அதோடு சேர்ந்தால் வழக்கம். சேராவிட்டால் விலகல். வருஷம் போகப் போக நோய்களின் பெயரெல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிற்று. மருத்துவர் என்ற சொல்லும் போய், செவியர் என்ற சொல் வந்தது. கடைசியில் செந்தரையில் மிஞ்சியது ஒரே ஒரு நோய்தான். விலகல்.

அதைச் சுற்றித்தான் ஊரின் நல்லது கெட்டது எல்லாம். தெருவில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை, ‘சத்தம் எப்படி?’ என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை, ஒலிப்பொருத்தம் பார்ப்பார்கள். மாப்பிள்ளை நெஞ்சும் பெண் நெஞ்சும் அடிப்பதைச் சபையில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை மாற்றுவார்கள். அந்த வெற்றிலை பிளாஸ்டிக். அதை விடுங்கள்.

தன் செய்தி முடிந்தால் அடுத்து துணையின் செய்தி வரும். பரமார்த்தலிங்கம் பாசி இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“துணைவி வடிவு. குடல், வழக்கம். மூட்டுகள், வழக்கம். நுரையீரல், வழக்கம். இதயம்…”

நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“இதயம், பொதுவொலியில் சேரவில்லை. மீண்டும் கேட்கிறேன்.”

பிட்ட இட்லி அவன் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது.

“சேரவில்லை. பயப்பட வேண்டாம்.”

ஊர்ப்பொறி யாரிடமும் அநாவசியமாகப் ‘பயப்பட வேண்டாம்’ என்று சொல்லாது. எதிர்வீட்டுப் பேச்சிமுத்து அண்ணாச்சியின் மனைவியைப் பற்றி ஒருநாள் அப்படிச் சொன்னது. அவளைச் செவியர்கள் இருக்கும் ஒலியகத்துக்குக் கொண்டுபோய், நெஞ்சைத் திறந்து, சீராக்கி என்ற கருவியை வைத்தார்கள். சீராக்கி இதயத்தைப் பிடித்துப் பொதுவொலியின் வேகத்துக்கு ஓட்டும். செவ்வாயில் எடை குறைவு. அங்கே வளர்ந்த இதயங்களில் சில அந்த ஓட்டத்தைத் தாங்கும், சில தாங்காது. அந்த அம்மாளின் இதயம் தாங்கவில்லை. ஒலியகத்திலிருந்து வீடு திரும்பியது அவளுடைய செருப்பு மட்டும்தான்.

அடுப்படியில் வடிவு கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தச் செய்தியும் கேட்கவில்லை. போன புழுதிக்காலத்தில் மின்சாரம் எகிறி அவளுடைய காதுமணி கருகிவிட்டது. மாற்று மணி பூமியிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஒலியகத்தில் இருக்கிற ஒன்றிரண்டு மணிகள் அவசரத்துக்கு மட்டும். ஊரே அவளுக்காக உச்சுக் கொட்டியது. தன் குடலில் என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு பொம்பளை எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று பேசிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் வடிவும் பதறித்தான் போனாள். ஏழு மணி ஆனால் காதைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பிறகு பயிர்க்கூடத்து வேலையில் கொஞ்சம் கொஞ்சமாக அதை மறந்தாள். இப்போது ஏழு மணிக்கு அவள் காய் நறுக்குகிறாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிய?” என்றாள் அவள். “முட்டு தேஞ்சுபோச்சின்னு சொல்லிட்டானா?”

“முட்டு வழக்கம்தாம்.”

“எனக்கு?”

பரமார்த்தலிங்கம் இட்லியை வாயில் போட்டுக்கொண்டு நேரம் கடத்தினான். “ஒனக்கும் வழக்கம்தாம்ட்டி.”

“பெறவென்ன? தின்னுட்டுக் கெளம்புங்க, ஆறிப்போவுது.”

அவன் அவளிடம் பொய் சொன்னதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கத்திரிக்காய்க் குழம்பைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான். ஆனால் இந்தப் பொய் அவன் வயிற்றுக்குள் போய்க் கல்லாக உட்கார்ந்துகொண்டது. காற்றுக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்புதான். இவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

விலகல் வளர்கிறதா என்று ஊர்ப்பொறி சில நாள் கவனிக்கும். வளர்ந்தால் ஒலியகத்திலிருந்து அழைப்பு வரும். அடுத்த நாளும் சேரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது. ஒவ்வொரு நாளும் அதே அன்பான குரல் அவனைப் பயப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அவன் ஒவ்வொரு நாளும் கூடுதலாகப் பயந்தான்.

பயந்தவன் கண்ணுக்கு எல்லாமே அறிகுறிதான். வடிவு படுத்ததும் தூங்கினாள். நடுவில் ஒருமுறைகூட எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஊரில் யார் இப்படித் தூங்குகிறார்கள்? தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்டாள். கத்திரிச் செடிக்குத் தண்ணீர் விடும்போது முனகலாகப் பாடினாள். ஒருநாள் பரமார்த்தலிங்கம் கால் தடுக்கி விழுந்ததைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். ஐயோ, முற்றிவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்தான்.

தாங்கமாட்டாமல் எதிர்வீட்டுக்குப் போனான். பேச்சிமுத்து அண்ணாச்சி வாசல் கதவின் ரப்பர் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாரும் வே. சத்தம் எப்படி?”

“வழக்கம் அண்ணாச்சி. ஒரு சங்கதி கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது. மதினிக்கு அப்போ… முன்னாடியே எதுவும் தெரிஞ்சுதா?”

பேச்சிமுத்துவின் கை நின்றது. “தெரிஞ்சுதுன்னு என்னத்தச் சொல்ல? கொஞ்ச நாளா என்னைய ஏசவே இல்ல வே. நான் என்ன சொன்னாலும் சிரிச்சா. சரி, வயசாவுதுல்லா, திருந்திட்டான்னு நானும் சந்தோசப்பட்டேன்.” துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “பாவி, அதுதான் நோயின்னு எனக்குத் தெரியல.”

“மதினிக்கு அவிய செய்தி கேக்கலயா?”

“காதுல சீழ் வச்சுருந்துதுன்னு மணியக் கழத்தி வச்சிருந்தா. அவ செய்திய நான்தான் கேட்டேன். சொன்னா பயந்துருவாளேன்னு, தூங்கும்போதே ஊசி போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டோம். அவளுக்கு எதுவுமே தெரியாது வே. அதத்தான் என்னால தாங்க முடியல. பெறவுதான் ஒலியகத்து வாசல்ல போயி உக்காந்து சத்தம் போட்டேன். மேசையில படுக்கப்போறவன் தன் செய்தியத் தன் காதால கேக்காம கத்தி வைக்கக் கூடாதுன்னேன். இப்போ அதச் சட்டமாக்கிட்டாங்க. அவளுக்கு என்ன, போயிட்டா.”

மணியைக் கழற்றி வைத்திருந்த ஒருத்தி, மணி கருகிப்போன இன்னொருத்தி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் செந்தரையில் அப்படி ஒரு நினைப்பு யாருக்கும் வராது. செய்தியைக் கேட்பதால் ஒரு மனுசனுக்கு ஏதாவது ஆகும் என்று அங்கே யாரும் கனவிலும் நினைத்ததில்லை. தண்ணீர் குடித்தால் தாகம் வரும் என்று யாராவது நினைப்பார்களா?

அன்று மதிய ஓய்வுக்குப் பரமார்த்தலிங்கம் வீட்டுக்கு வந்தபோது வடிவு கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தான். விட்டாள். பிறகு அவன் செந்தரையில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குனிந்து, அவள் நெஞ்சில் தன் வெறும் காதை வைத்தான். கருவி இல்லாமல் இன்னொருத்தர் உடம்பைக் கேட்பது அந்த ஊரில் வெட்கக்கேடான காரியம்; புருஷன் பெண்டாட்டிக்குள்கூட.

லப். டப். பிறகு ஒரு பெரிய இடைவெளி. அவ்வளவுதான், நின்றுவிட்டது என்று அவன் விறைத்தான். லப். டப். வந்துவிட்டது. மறுபடி அதே இடைவெளி. அடுத்தது வருமா? வந்தது. அவசரமே இல்லாமல், தெரிந்தவர் வீட்டுக்கு நடந்து வருவது மாதிரி வந்தது. அவன் அடுத்ததற்குக் காத்திருந்தான். அதற்கடுத்ததற்கும் காத்திருந்தான். எப்போது கண்ணை மூடினான் என்று அவனுக்கே தெரியாது. வேலை மாறும் சங்கு ஊதியபோதுதான் எழுந்தான். வடிவு அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன புதுப் பழக்கம்?” என்றாள் சிரித்துக்கொண்டே.

“சும்மாதாம்.”

“சும்மாவா? கொறட்ட விட்டியளே.”

வெகு காலத்துக்குப் பிறகு அவனுக்கு உடம்பு லேசாக இருந்தது. அன்று ராத்திரியும் ஒரே தூக்கம். மறுநாள் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது.

“பரமார்த்தலிங்கம். இதயம்… பொதுவொலியிலிருந்து சிறு விலகல். பயப்பட வேண்டாம்.”

தொற்றிவிட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் ஒலியகத்திலிருந்து இருவருக்கும் அழைப்பு வந்தது. அதற்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. விலகல் தொற்றும் என்று அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவும் காற்றுப் புகாமல் அழுத்தி மூடப்பட்டது. பேச்சிமுத்து அண்ணாச்சி மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பாதியிலேயே கீழே போட்டுக்கொண்டார்.

வடிவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“இத்தன நாளா எங்கிட்டச் சொல்லாம வச்சிருந்தியளா?”

“நீ பயந்துருவன்னுதாம் வடிவு…”

“அதுக்காவ? எனக்கு வந்த நோய எங்கிட்டச் சொல்ல மாட்டியளா?” கோபத்தில் அவள் முகம் சிவந்தது. பிறகு அவன் கண்களைப் பார்த்தாள். குழி விழுந்து, கீழே கறுத்துக் கிடந்தன. அவள் குரல் தணிந்தது. “சரி, அழாதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களவிட ரெண்டு இட்லி கூடவே திங்கேன். வாங்க, போயி என்னன்னு கேப்போம்.”

ஒலியகத்தில் செவியர் ஜெசிந்தா அவர்களுக்காகக் காத்திருந்தாள். கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி. கை கழுவும்போதுகூடத் தன் காதுமணியைத் தொட்டுத் தொட்டுத் தன் சத்தத்தைக் கேட்டுக்கொள்வாள். பேச்சிமுத்துவின் மனைவி செத்தது அவள் கையில்தான். அந்த நாளிலிருந்து கத்தியைத் தொடும்போதெல்லாம் அவள் விரல் நடுங்கும். வடிவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள்.

“தூக்கம் எப்படி?”

“படுத்தா விடிஞ்சிருது.”

ஜெசிந்தாவின் புருவம் ஏறியது. “நடுவில் முழிப்பு? நெஞ்சு படபடப்பு? கெட்ட கனவு?”

“இல்லியே.”

“ஒண்ணுகூடவா? பசி?”

“அத ஏன் கேக்கிய!”

“மனசில் ஏதாவது கவலை இருக்கா? சும்மா, காரணமே இல்லாமல்கூட இருக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள்.”

வடிவு உண்மையாகவே யோசித்தாள். “கத்திரிச் செடியில பூச்சி விழுந்துருந்துது. மருந்தடிச்சாச்சு.”

ஜெசிந்தா பரமார்த்தலிங்கத்தைப் பார்த்தாள். ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னாள். “இவ்வளவு முற்றும் வரை எப்படி விட்டீர்கள்? நான் கேட்டதில் ஒன்றுக்குக்கூட அவரிடம் சரியான பதில் இல்லையே.”

“வெட்டாம சரிபண்ண முடியாதா டாக்டரம்மா?” பயத்தில் அவன் வாயில் பழைய சொல் வந்துவிட்டது.

“பூமிக்கு இவர் சத்தத்தை அனுப்பியிருக்கிறேன். அங்கே நம்மைவிடப் பெரிய இதய ஒலித் தொகுப்பு இருக்கிறது. இது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.”

பதில் வருவதற்குள் பரமார்த்தலிங்கம் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டான். அத்தனை சாமிகளும் பூமியில் இருந்தார்கள். கூப்பிட்டது கேட்டதோ என்னவோ. பதில் வந்தது. ஜெசிந்தா அதைச் சத்தமாகவே வாசித்தாள்.

“நீங்கள் அனுப்பிய ஒலி எங்கள் தொகுப்பிலும் இல்லை. எங்களுடையது மிகப் பழைய தொகுப்பு. மனிதர்கள் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு, நடந்தாலும் படுத்தாலும் தங்கள் துடிப்பைத் தாங்களே எடுத்து எடுத்துப் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிவுகள் எங்களிடம் இல்லை. இத்தனை கோடி இதயங்களில் இப்படி ஓர் இதயத்தை நாங்கள் கேட்டதில்லை. உடனே சீராக்கவும்.”

ஜெசிந்தா கை கழுவப் போனாள்.

மேசையைத் தயார் செய்தார்கள். வடிவுக்கு வெள்ளைத் துணி கட்டிவிட்டார்கள். அவள் இன்னும் அவ்வளவாகப் பயப்படவில்லை. இவர்களுக்கு ஏதோ கணக்குத் தப்பிவிட்டது, சரியாகிவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஏறிப் படுத்து, பரமார்த்தலிங்கத்திடம் அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டாள். அவன் ஆயிற்று என்று தலையை ஆட்டினான். செருப்பை மேசைக்குக் கீழே விட்டிருந்தாள். அந்தச் செருப்பைப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை.

சட்டப்படி ஒரு காரியம் பாக்கி இருந்தது. படுத்திருக்கிறவர் தன் செய்தியைத் தன் காதால் கேட்டு, சரி என்று சொல்ல வேண்டும். பேச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து வாங்கிய சட்டம். அவசர இருப்பிலிருந்து ஒரு புதிய மணியை எடுத்து ஜெசிந்தா வடிவின் காதுக்குப் பின்னால் பொருத்தினாள். சுருக்கென்றது. பிறகு பல மாதங்களாகக் கேட்காத அந்தக் குரல் கேட்டது.

“வணக்கம். உடற்செய்திகள். வடிவு. இதயம்…”

அந்த இடைவெளி. அவளை அறியாமலேயே வடிவின் மூச்சு நின்றது. உடம்பு மறக்கவில்லை.

“…பொதுவொலியில் சேரவில்லை. விலகல் கடுமையானது. பயப்பட வேண்டாம். உங்கள் ஒலியை இப்போது கேளுங்கள்.”

காது நிறைய அவள் இதயம் அடித்தது. லப். டப். பிறகு ஒன்றும் இல்லை. வடிவு காத்திருந்தாள். ஏன் இவ்வளவு நேரம்? அடுத்தது எங்கே? லப். டப். வந்தது. இதற்கடுத்தது வராவிட்டால்? இத்தனை மாதமாக இப்படியா நின்று நின்று அடித்துக்கொண்டிருந்தது? நான் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தேனே! தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. ஜெசிந்தாவின் கையில் கத்தி நடுங்கியது. மேசை ஓரத்தில் அவள் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

“ஏங்க,” என்றாள் வடிவு. குரல் அவளுடையதாகவே இல்லை. “எனக்குப் பயமாருக்குங்க. கையப் பிடிச்சுக்கிடுங்க.”

அவன் பிடித்துக்கொண்டான். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவள் காதுக்குள் சத்தம் ஓடத் தொடங்கியது. லப்டப், லப்டப். ஐயோ, வேகமாக அடிக்கிறதே! அதைக் கேட்டு இன்னும் பயந்தாள். பயந்ததைக் கேட்டு அது இன்னும் வேகமாக அடித்தது.

“விலகல் குறைகிறது,” என்றது மணி. அவள் காதில் அது விழவில்லை. “நான் சாவமாட்டேன்லா? சொல்லுங்க, சாவமாட்டேன்லா?” என்று அவன் கையை நெரித்தாள்.

“விலகல் மேலும் குறைகிறது. இதயம்…”

ஜெசிந்தாவுக்கும் அந்தச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது. கத்தி அந்தரத்தில் நின்றது.

“…வழக்கம்.”

கத்தி தரையில் விழுந்த சத்தத்தில் மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். ஊர்ப்பொறி மறுபடி கேட்டது. வழக்கம். இன்னொருமுறை கேட்டது. பொதுவொலியோடு அச்சாகச் சேர்ந்திருந்தது. இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்த இதயம் ஊரிலேயே சில பேருக்குத்தான் உண்டு. ஜெசிந்தா சுவரில் சாய்ந்து விம்மினாள். பரமார்த்தலிங்கம் வடிவின் நெற்றியிலும் கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அழுதுகொண்டிருந்ததில் அவனுடைய விலகலும் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

“கத்தியே வைக்காமல் குணமானதை நான் பார்த்ததே இல்லை,” என்றாள் ஜெசிந்தா. “காரணம் தெரியவில்லை. மேசையில் படுத்த அதிர்ச்சியில் இதயம் தன் பாதைக்குத் திரும்பியிருக்கலாம். இனிமேல் மட்டும் ஜாக்கிரதை. மணியை எந்தக் காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். இது என்னுடையதைப் போலப் புது மாதிரி மணி, ஏழு மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். விரலால் தொட்டால் எப்போது வேண்டுமானாலும் செய்தி சொல்லும். அடிக்கடி தொட்டுக் கேளுங்கள். எவ்வளவு அடிக்கடி கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது.”

“கேக்கேன் தாயி, கேக்கேன்,” என்றாள் வடிவு. மேசையிலிருந்து இறங்கிச் செருப்பைப் போடுவதற்குள்ளேயே இரண்டுமுறை தொட்டுவிட்டாள்.

தெருக் கதவுகள் திறந்தன. பேச்சிமுத்து அண்ணாச்சி ஓடிவந்து வடிவின் தலையில் கை வைத்து, “நீயாவது வந்தியே தாயி,” என்று அழுதார். பக்கத்து வீடுகளிலிருந்து பாயசம் வந்தது. ஒலிபெருக்கியில் வடிவின் நெஞ்சுச் சத்தத்தை ஊருக்கே போட்டார்கள். கேட்டவர்களெல்லாம் ஆஹா, எவ்வளவு நல்ல சத்தம் என்றார்கள்.

மறுநாள் காலை பரமார்த்தலிங்கம் எழுந்தபோது வடிவு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரல் காதுக்குப் பின்னால் இருந்தது. ராத்திரி முழுவதும் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. அடுப்படியில் கத்திரிக்காய் நறுக்கப்படாமல் கிடந்தது.

“ஏட்டி, கொஞ்சம் படேன்.”

“படுத்தா இடப்பக்கம் சத்தம் கூடக் கேக்கு.”

“அது வழக்கம்தானட்டி?”

“வழக்கம்னுதாம் சொல்லுது. இருந்தாலும்…” மறுபடி தொட்டாள். உதடு அசையாமல் கேட்டாள். கையை எடுத்தாள்.

பரமார்த்தலிங்கத்துக்கு அந்த மதியத் தூக்கம் நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தான். கண்ணை மூடினான். உள்ளே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ துரத்த யாரோ ஓடுவது மாதிரி இருந்தது. அடிக்கும் அடிக்கும் நடுவில் அந்த இடைவெளி எங்கே என்று தேடினான். கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தான். தூக்கம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சந்தோஷக் கண்ணீர்தான் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

“எப்படி இருக்கு?” என்றாள் வடிவு. அவளுடைய ஒரு கை அவன் தலை மேல் இருந்தது, இன்னொன்று காதுமணியில் இருந்தது. “எதுவும் வித்தியாசமா கேக்கா?”

“இல்லட்டி.”

“நெசமாவா?”

“நெசமாத்தாம். எல்லாரு நெஞ்சும் மாதிரிதாம் இருக்கு.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஏழு மணி ஆகப்போகிறது என்று இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றுக்கூடத்தில் அந்தக் கூடுதல் விசிறி ஓடத் தொடங்கியது.